ஆறு கிலோ துத்தநாகம்

2012-ல் என் தங்கை மகன் அழைத்ததால் நானும் என் மனைவியும் பிரான்சுக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்தோம். அவன் வீடு லா ரொஷேல் பக்கம். அட்லாண்டிக் கரையில் உள்ள பழைய துறைமுக ஊர். பகலில் அவன் வேலைக்குப் போய்விடுவான். நான் துறைமுகத்துப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். கடற்கரைக்காரனுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது?

அங்கே கடல்சார் அருங்காட்சியகத்தின் படகுகளோடு ஒரு சிவப்புப் படகு நின்றது. இரண்டு பாய்மரம், 12 மீட்டர் நீளம். 'ழோஷுவா' என்று பெயர். பெர்னார் முவாத்தெஸியே என்ற மாலுமியின் படகு. அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. லிசேயில் படித்த காலத்தில் அவரைப் பற்றிப் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறேன். அவர் 1925-ல் ஹனோயில் பிறந்து இந்தோசீனாவில் வளர்ந்தவர். எங்கள் வீட்டிலும் ஒரு 'சைகோன் தாத்தா' இருந்தார், அப்பாவின் சித்தப்பா. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு அப்படி ஒரு தாத்தா உண்டு. அதனால் இந்தோசீனா என்றாலே எனக்கு ஒரு ஒட்டுதல்.

1968-ல் லண்டன் பத்திரிகை ஒன்று, தனி ஆளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டியை நடத்தியது. முவாத்தெஸியே அதில் ஹார்ன் முனையைத் தாண்டி, ஊர் திரும்பினால் பரிசு கிடைக்கலாம் என்ற நிலையில், "வேண்டாம்" என்று மறுபடி கிழக்கே திரும்பி 1969 ஜூன் மாதம் தஹிதித் தீவில் போய் இறங்கினார். போட்டியில் வென்றது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். அவருடைய 'சுஹைலி' நம் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய படகு. அது மரம், இது இரும்பு.

என்னை நிறுத்தியது அந்த இரும்புதான். 1961-62-ல் கட்டிய இரும்புப் படகு ஐம்பது வருடம் உப்புத் தண்ணீரில் எப்படி நிற்கிறது? அதுவும் 1982 டிசம்பரில் மெக்சிகோவின் கபோ சான் லூகாஸ் கடற்கரையில் புயலில் ஒதுங்கி மணலில் புதைந்த படகு. முவாத்தெஸியே மனம் தளர்ந்து அதை இரண்டு இளைஞர்களிடம் விட்டுவிட்டார். அவர்கள் தூர் வாரி, நெளிந்த தகட்டைச் சரிசெய்து மீண்டும் மிதக்க வைத்தார்கள். 1990-ல் அருங்காட்சியகம் வாங்கியது.

அன்று மாலை ஒரு பழைய புத்தகக் கடையில், இரும்புப் படகுகளைப் பராமரிப்பது பற்றிய சிறிய பிரெஞ்சுக் கையேடு ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து புரட்டினேன். மூன்றாவது அத்தியாயத்தில் 'அனோத் சாக்ரிஃபிசியெல்' என்று ஒரு தலைப்பு. பக்கத்தில் பாதி கரைந்த ஒரு துத்தநாகக் கட்டியின் படம்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. மனைவி, "சுகர் இறங்கிடுச்சா?" என்று கேட்டாள். சுகர் இல்லை. முப்பத்து மூன்று வருடத்துக் கணக்கு அது.

நான் 1972-ல் அரசு வேலையில் சேர்ந்தேன். படித்ததெல்லாம் பிரெஞ்சில். 1962-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அலுவலகமோ ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மேலதிகாரி ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு வரிக் குறிப்பைப் படிக்க எனக்கு அகராதி வேண்டியிருந்தது. தப்பாக எழுதிவிட்டால் சிரிப்பார்கள். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். விதி எண்ணைப் போட்டு எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படியே விதிக்குள் ஒளிந்துகொண்டு வேலை பார்த்தேன்.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்கு ஒரு சிறிய இரும்புப் படகு இருந்தது. பத்து மீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் தகடு. அரியாங்குப்பம் ஆற்றில் கட்டியிருப்போம். கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் காகிதங்களையும் கொண்டுபோகும். அதன் சாரங்கு வீராம்பட்டினத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஒவ்வொரு வாரமும் ஒரு சின்னச் சுத்தியலால் படகின் உட்புறத்தைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று பேசும், துரு பிடித்தது மந்தமாகப் பேசும் என்பார்.

படகின் வெளிப்புறம், தண்ணீருக்குக் கீழே, மூன்று மூன்று கிலோவாக நான்கு துத்தநாகக் கட்டிகள் பொருத்துவார்கள். 'ஜிங்க்' என்று சொல்வார்கள். 1979-ல் ஸ்டோர் பதிவேடு என் கைக்கு வந்தது. கட்டிகளை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று கேள்வி வந்தது. தீர்ந்துபோகும் பொருள்களுக்கு ஒரு பதிவேடு: டீசல், பஞ்சு, சோப்பு. நிலைத்து நிற்கும் பொருள்களுக்கு இன்னொன்று: நாற்காலி, நங்கூரம், சங்கிலி. உலோகம் தீர்ந்துபோகுமா? நான் 'டெட் ஸ்டாக்' பதிவேட்டில் எழுதினேன். 12 கிலோ.

ஒரு வருடம் கழித்துப் படகைக் கரையேற்றி, பழைய கட்டிகளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். எடை போட்டேன். ஆறு கிலோதான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தணிக்கை வந்தது. குறைவு ஆறு கிலோ, யார் பொறுப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சாரங்குக்கு விளக்கம் கேட்டு மெமோ தட்டினேன். அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், அதைக் கடல் தின்னுது சார். அது தின்னுறதுக்குத்தான் வைக்கிறோம். அதைத் தின்னலைன்னா படகைத் தின்னும்."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடல் உலோகம் தின்னும் என்று எந்த விதியில் எழுதியிருக்கிறது?

90 சொச்சம் ரூபாயை மூன்று தவணையாக அவர் சம்பளத்தில் பிடித்தோம். அடுத்த வருடம் துத்தநாகத்துக்கு வந்த இண்டென்டில், "பழைய கட்டிகளையே பொருத்தலாம், புதிது தேவையற்ற செலவு" என்று நான் குறிப்பு எழுதினேன். மேலே ஒப்புதலும் ஆயிற்று. பெயிண்ட் அடிக்க வந்த ஒப்பந்தக்காரர் அந்தத் தேய்ந்த கட்டிகளின் மேலும் சேர்த்துப் பூசிவிட்டார். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

1981-ல் படகுக்குப் புதுச் சாமான்கள் வாங்கப் பணம் வந்தது. சாரங்கு கேட்டது மூன்றே பொருள்: பெரிய வாய் உள்ள கைப்பம்பு ஒன்று, பாட்டரி இணைப்பை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று, திசைகாட்டியைச் சரிபார்த்து ஒரு திருத்த அட்டை. நாங்கள் வாங்கியது வேறு. பளபளப்பான வெண்கல வால்வுகள், மின்சாரப் பம்பு, ஒலிபெருக்கியோடு ஒரு வயர்லெஸ் பெட்டி. விலைப்புள்ளியில் எது குறைவோ அது. கைப்பம்பு பழைய சமாச்சாரம் என்று ஒரு அதிகாரி அடித்துவிட்டார். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தது நான்.

வால்வுகளை இரும்புத் தகட்டில் நேராக முடுக்கினார்கள். வயரிங் செய்தவர் லாரி வேலை தெரிந்தவர். லாரியில் பாட்டரியின் ஒரு முனையைச் சேசிஸில் கொடுத்துவிட்டு ஒற்றைக் கம்பி இழுப்பதுபோல, இங்கேயும் படகின் உடம்பையே இரண்டாவது கம்பியாக வைத்துவிட்டார். ஒலிபெருக்கியைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். அதற்குள் காந்தம் இருக்கிறது, முள் இழுக்கிறது என்று சாரங்கு ஒருமுறை சொன்னார். பிறகு அவர் எதுவும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

1983 நவம்பரில் ஒரு மாலை, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கப்பலிலிருந்து திரும்பும்போது, வால்வைச் சுற்றியிருந்த தகடு விட்டுப்போனது. கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. மின்சாரப் பம்பு கொஞ்ச நேரத்தில் நின்றது. சாரங்கு மரக்கட்டை ஒன்றைச் சீவி, சாக்கு சுற்றி, ஓட்டையில் அடித்துத் தன் முதுகால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் வாளியால் இறைத்தார்கள். பருவமழைக் கடல். எப்படியோ முகத்துவாரம் வந்து சேர்ந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் எங்கள் தெருக்காரர். சிறு குழந்தைகள் உள்ளவர்.

விசாரணை நடந்தது. பராமரிப்புக் குறைவு, பொறுப்பு சாரங்கு என்று முடிந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். துத்தநாகம் வேண்டாம் என்று நான் எழுதிய குறிப்பு என் அலமாரியில்தான் இருந்தது. விசாரணைக் கோப்பில் அதைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்க்கவும் இல்லை. அது சம்பந்தப்பட்ட காகிதமா என்று எனக்குத் தெரியாது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். முழுக்கத் தெரியாது என்பதும் பொய். அவர் மேசை முன் நின்று சொன்னது காதில் இருந்தது.

சரி, அந்தப் பிரெஞ்சுக் கையேட்டுக்கு வருகிறேன்.

'சாக்ரிஃபிஸ்' என்றால் பலி, தியாகம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சொல். கடல் நீரில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே ஒரு பாட்டரி மாதிரி. தாழ்ந்த உலோகம் கரையும், உயர்ந்தது தப்பிக்கும். துத்தநாகம் இரும்பைவிடத் தாழ்ந்தது, அதனால் அது கரைந்து இரும்பைக் காக்கும். வெண்கலமும் செம்பும் இரும்பைவிட உயர்ந்தவை. அவற்றை இரும்பின் மேல் நேராக முடுக்கினால் இரும்பு கரையும். 1824-லேயே ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இந்த வழியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

கையேடு எல்லாவற்றையும் எளிமையாகச் சொன்னது. கட்டி பாதி தேய்ந்ததும் மாற்ற வேண்டும். எங்கள் படகில் 12 கிலோ 6 கிலோ ஆனது கட்டி சரியாக வேலை செய்ததற்கு அடையாளம். தேயாமல் அப்படியே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இரும்போடு தொடர்பு விட்டிருக்கும், அல்லது மேலே பெயிண்ட் பூசியிருப்பார்கள். பெயிண்ட் பூசிய துத்தநாகம் வெறும் பாரம். கடல் நீரில் சும்மா கிடக்கும் இரும்பு வருடத்துக்குச் சராசரி 0.1 மில்லிமீட்டர்தான் தேயும். அந்தக் கணக்கில் 5 மில்லிமீட்டர் தகடு பல வருடம் தாங்கும். ஆனால் துரு சமமாகத் தின்னாது. ஓரிடத்தில் குழி பறிக்கும். வயரிங்கிலிருந்து மின்சாரம் கசிந்து தகடு வழியாகக் கடலுக்குள் போனால் கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு ஆம்பியர் வருடம் முழுக்கக் கசிந்தால் ஏறக்குறைய 9 கிலோ இரும்பு போய்விடும்.

நண்பர்களே, அந்தச் சொல்லை 1979-ல் யாராவது பிரெஞ்சில் என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்து இரண்டு நாள் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு உறைத்தது. சாரங்கு அதை எனக்குத் தமிழில் சொன்னார். அதைவிடத் தெளிவாக அந்தக் கையேடும் சொல்லவில்லை. சொன்னவர் யார் என்று பார்த்தேனே தவிர, சொன்னது என்ன என்று பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய ஒரு வாரத்தில் வீராம்பட்டினம் போனேன். சாரங்குக்கு எழுபத்தைந்து தாண்டியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்க சார்" என்றார், அவ்வளவுதான். நான் கையேட்டை எடுத்து, அந்த அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கட்டி கரைவதுதான் அதன் வேலை என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், இங்க வா. அம்மாவையும் கூட்டியா. சார் படிக்கிறாரு, கேளுங்க."

பேரனும் மருமகளும் வந்து நின்றார்கள். "மறுபடி படிங்க சார்" என்றார். படித்தேன். அதன்பிறகுதான் விஷயம் தெரிந்தது. 90 ரூபாய் போனதோ, ஊதிய உயர்வு போனதோ அவருக்குப் பெரிதில்லை. துறையில் அவரை 'ஜிங்க் திருடன்' என்று கேலி செய்திருக்கிறார்கள். அவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டு, அவன் அடிதடியில் இறங்கியிருக்கிறான். வீட்டிலேயே, இவர் கொஞ்சம் எடுத்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்ததாம்.

நான் எழுதிய குறிப்பைப் பற்றியும், அதை விசாரணையில் மறைத்ததைப் பற்றியும் சொன்னேன். மன்னிப்பு கேட்டேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் சார், உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "அந்தப் பக்கத்தை எழுதிக் குடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் தமிழில் எழுதினேன். அடியில் 1979-ல் நடந்ததையும், தவறு ஸ்டோர் எழுத்தருடையது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் படித்த பிரெஞ்சு எதற்காவது உதவியது என்றால் அந்த நான்கு தாளுக்குத்தான். அதற்கு எந்த விதி எண்ணும் போடவில்லை.

இப்போது நம் பக்கத்திலும் இரும்பு விசைப்படகுகள் ஓடுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகுகள் கரையேறும்போது, உங்கள் பிள்ளைகளோ பேரன்களோ அந்தத் தொழிலில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வரும், வெளியில் அடிக்கும் அழகுப் பெயிண்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடித்தட்டில் தண்ணீர் தேங்கும் மூலைகளைத் திறந்து காயவிடுங்கள். பெயிண்டுக்கு முன்னால் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை துருவை எடுங்கள். விளிம்புகளிலும் வெல்டிங் ஓரங்களிலும் பூச்சு மெல்லியதாகத்தான் ஒட்டும், அங்கே தூரிகையால் தனியாக ஒரு பூச்சு கொடுங்கள். பாசியும் கொட்டலசும் பிடிக்காமல் இருக்கச் செம்பு கலந்த பூச்சு விற்பார்கள். இரும்பின் மேல் அதை நேராகப் பூசக் கூடாது. துத்தநாகத்தின் மேல் எதையுமே பூசக் கூடாது. வெண்கலச் சாமானை வைத்தே தீர வேண்டுமென்றால் இடையில் மின்சாரம் கடத்தாத தடுப்பு வைத்து முடுக்குங்கள். போகக் கம்பி ஒன்று, வரக் கம்பி ஒன்று. படகின் உடம்பைக் கம்பியாக்காதீர்கள்.

சாமான் வாங்கும்போது, கடலில் கெட்டுப்போனால் கையால் சரிசெய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். முவாத்தெஸியே ழோஷுவாவுக்குத் தந்திக் கம்பங்களைப் பாய்மரமாக நட்டவர். போட்டியில் வயர்லெஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உண்டிவில்லால் செய்திகளைக் கப்பல் தளத்தில் எறிந்தவர். அவ்வளவு தூரம் போக வேண்டாம், இன்றைக்கு வயர்லெஸ் உயிர் காக்கும். ஆனால் அதோடு ஒரு கைப்பம்பும் இருக்கட்டும். எது வேண்டும் என்று படகில் போகிறவரைக் கேளுங்கள். மேசையில் இருப்பவரைக் கேட்காதீர்கள்.

சாரங்கு 2016-ல் காலமானார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். அந்த நான்கு தாளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். மருமகள் எடுத்துக் காட்டினாள். பேரன் ஒரு இரும்பு விசைப்படகில் வேலைக்குப் போகிறானாம். வருடா வருடம் கட்டி மாற்றும்போது, கழற்றிய பழைய கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தாத்தாவின் கையில் கொடுப்பானாம். அவர் அதைக் கையால் தூக்கிப் பார்த்து, "நல்லாத் தின்னிருக்கு" என்று சொல்வாராம்.